‘போர்ட்டல் இலவசம்தானே’ என்று சொன்ன ஒய்.பி. அவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் வணிகர் சந்திப்பில் நடந்தது இங்கே பலருக்குத் தெரியும். காணொளியும் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிவிட்டது. அதனால் முழுக்கதையையும் திரும்ப எழுதவில்லை. ஒரே ஒரு வரிதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாத்திரக் கடைக்காரர் ஒருவர் எழுந்து நின்று, விற்பனை ரசீதை வருமான வரி வாரியத்துக்கு இணையத்தில் ஏற்றும் இ-இன்வாய்ஸின் சிரமத்தைப் பாதி சொல்லியிருப்பார். அதற்குள் மேடையிலிருந்து ஒய்.பி.யின், அதாவது நாடாளுமன்ற உறுப்பினரின், பதில் வந்துவிட்டது: "போர்ட்டல் இலவசம்தானே, அஞ்சு நிமிஷ வேலை."

அந்த ஐந்து நிமிடம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

இ-இன்வாய்ஸை ஏற்றும் வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் போர்ட்டல் இலவசம், அதில் பொய்யில்லை. ஒரு இன்வாய்ஸுக்கு 55 விவரக் கட்டங்கள். எல்லாமே கட்டாயமில்லை, ஆனால் கட்டாயமானவையே போதும் ஆளைச் சாய்க்க. விற்பவரின் வரி எண், வாங்குபவரின் வரி எண், இருவருடைய பதிவு எண், முகவரி, தொலைபேசி, தொழிலுக்கான ஐந்து இலக்கக் குறியீடு, ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று இலக்க வகைக் குறியீடு, வரி வகை. தொடக்கச் சலுகைக் காலம் முடிந்த கடையில் 10,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட ஒரு விற்பனையை மாதக் கடைசியில் மொத்தமாகச் சேர்த்துப் போட முடியாது, தனி இன்வாய்ஸ் வேண்டும். ஒரு கோயில் நிர்வாகம் திருவிழாவுக்கு அண்டாவும் குத்துவிளக்கும் 12,000 ரிங்கிட்டுக்கு வாங்குகிறது என்று வையுங்கள். பொருளாளர் சங்கத்தின் வரி எண்ணைக் கொடுத்துவிட்டு, பதிவு எண் கேட்டால் தன் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணைக் கொடுப்பார். இரண்டும் பொருந்தாது. போர்ட்டல் ஏற்காது. பொருளாளர் தோட்டத்தில் வேலையில் இருப்பார், போன் எடுக்க மாட்டார். இங்கே கல்லாவில் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள்.

எப்படியோ ஏற்றியாகிவிட்டது, பிறகுதான் தொகை தவறு என்று தெரிகிறது. ரத்து செய்ய 72 மணி நேரம். அது தாண்டினால் கிரெடிட் நோட் (தொகையைக் குறைக்கும் திருத்த ரசீது) போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும், அதுவும் இன்னொரு இ-இன்வாய்ஸ். சென்னையிலிருந்து சரக்கு எடுப்பவருக்கு வேலை இன்னும் கூடுதல். அங்குள்ள வியாபாரி நம் போர்ட்டலுக்கு வரப்போவதில்லை, ஆகவே அவர் சார்பில் வாங்குபவரே தனக்குத் தானே இன்வாய்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும், சுங்கத்தில் சரக்கு விடுபட்ட மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள். சில்லறை விற்பனையின் மொத்த இன்வாய்ஸ், மாதம் முடிந்து ஏழு நாளுக்குள். தவறினால் ஒவ்வொரு தவறுக்கும் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதைத்தான் ஐந்து நிமிஷ வேலை என்றீர்கள், ஒய்.பி. அவர்களே. போர்ட்டல் இலவசம். கடைக்காரரின் நேரம் இலவசமில்லை. அதை எந்த அரசாங்கக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

"பத்து லட்சத்துக்குக் கீழே விற்பவர்களுக்குத்தான் விலக்கு வந்துவிட்டதே" என்று இப்போதே ஒருவர் கீழே எழுதுவார். வந்துவிட்டது. எப்படி வந்தது? முதலில் ஆண்டு விற்பனை 150,000 ரிங்கிட் வரை விலக்கு என்றார்கள். 2025 ஜூனில் 500,000 என்றார்கள். டிசம்பரில் 10 லட்சம் என்றார்கள். ஆறு லட்சம் விற்கிற கடைக்காரர் நவம்பரிலேயே மென்பொருள் வாங்கி, பையனுக்குப் பயிற்சியும் கொடுத்திருந்தால் அந்தப் பணம் போனது போனதுதான். சொன்ன பேச்சைக் கேட்டவருக்கு நஷ்டம், கேட்காமல் இருந்தவருக்கு லாபம். அதோடு 10 லட்சம் என்பது விற்பனை, லாபமில்லை. 365 நாளும் திறந்தால் நாளைக்கு ஏறக்குறைய 2,740 ரிங்கிட். நடுத்தர நாசி கண்டார் கடை ஒன்று அதைச் சாதாரணமாகத் தாண்டும். கோழி, எண்ணெய், சம்பளம், வாடகை போக மிஞ்சுவது என்ன என்று எந்த வரம்பும் கேட்பதில்லை.

வாடகையில் நடந்ததும் இதே கதைதான். 2025 ஜூலை 1 முதல் வாடகைக்கு 8% சேவை வரி, வாடகைக்கு விடுபவரின் ஆண்டு வருமான வரம்பு ஐந்து லட்சம் என்று அறிவித்தார்கள். ஜூன் 27-ஆம் தேதி, நான்கே நாள் இருக்கும்போது, வரம்பு பத்து லட்சமானது.

கேஸ் சிலிண்டரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 14 கிலோ வீட்டு உபயோகச் சிலிண்டர் 26 ரிங்கிட் 60 சென். வணிகச் சிலிண்டர் 2025-இல் 70 ரிங்கிட் அளவில் இருந்தது. 42 கிலோவுக்கு மேல், அதாவது மூன்று சிலிண்டருக்கு மேல் வைத்திருந்தால் பெர்மிட் வேண்டும் என்ற விதி 2021-லேயே வந்துவிட்டது. கடைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2025 மே மாதம் நாடு முழுக்கச் சோதனை தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. கூச்சல் கிளம்பியதும் சிறு வியாபாரிகள் மானியச் சிலிண்டரையே பயன்படுத்தலாம் என்று இறங்கி வந்தார்கள். முதலிலேயே ஒரு ரொட்டி சானாய்க் கடைக்குள் போய், கல்லுக்குக் கீழே நாளைக்கு எத்தனை கிலோ கேஸ் எரிகிறது என்று கேட்டிருந்தால் இந்த அலைச்சல் தேவையே இல்லை.

சட்டமெல்லாம் நாடாளுமன்றத்தில் விவாதித்துத்தானே வருகிறது என்பார்கள். சட்டம் வருகிறது, விதி வருவதில்லை. இ-இன்வாய்ஸுக்கான அதிகாரத்தை வருமான வரிச் சட்டத்தில் ஒருமுறை சேர்த்தார்கள். எத்தனை கட்டம், எத்தனை மணி நேரம், எந்தக் குறியீடு என்பதெல்லாம் பிறகு விதிகளாகவும் வழிகாட்டிகளாகவும் அலுவலகத்திலிருந்தே வருகின்றன. சேவை வரி விரிவாக்கமும் அமைச்சரின் கையொப்பத்தோடு அரசிதழில் வந்ததுதான். உங்களில் ஒருவர்கூட அதற்குக் கை தூக்கவில்லை. அதனால்தான் அதன் சுமை உங்களுக்குத் தெரியவில்லை.

சரி, இத்தனை கட்டத்தையும் எதற்காக நிரப்பச் சொல்கிறார்கள்? வருவாய் பெருக வேண்டும். ஏன் பெருக வேண்டும்? செலவு நிற்காமல் ஏறுகிறது. 2026 வரவு செலவுத் திட்டம் 41,920 கோடி ரிங்கிட். இதில் நடப்புச் செலவு 33,820 கோடி, மேம்பாட்டுக்கு 8,100 கோடி. கடனுக்கான வட்டி மட்டும் 5,830 கோடி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 கோடி ரிங்கிட் வட்டி! அரசுக்கு வரும் ஒவ்வொரு 100 ரிங்கிட்டிலும் 17 ரிங்கிட் பள்ளியையோ கிளினிக்கையோ பார்க்காமல் நேராக வட்டிக்குப் போகிறது.

பற்றாக்குறையை நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2023-இல் நீங்களே நிதிப் பொறுப்புச் சட்டம் நிறைவேற்றினீர்கள். நல்ல சட்டம், பாராட்டுகிறேன். 2026-க்கான இலக்கு 3.5%. சட்டம் கொடுக்கும் அவகாசம் மூன்று முதல் ஐந்து ஆண்டு. கடைக்காரருக்கு 72 மணி நேரம்.

செலவு எப்படி ஏறுகிறது என்பதற்குக் கடற்படையின் கடலோரப் போர்க்கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கப்பல், 900 கோடி ரிங்கிட். 600 கோடி கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பல்கூட முடியவில்லை என்று 2022-இல் பொதுக் கணக்குக் குழு சொன்னது. பிறகு என்ன ஆனது? கப்பல் ஐந்தாகக் குறைந்தது, தொகை 1,120 கோடியாக ஏறியது. கப்பலுக்கு 150 கோடி என்றது 224 கோடி ஆனது. இதற்குக் கிரெடிட் நோட் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வரி ஏய்ப்பவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள் என்று சிலர் எழுதுவார்கள். இல்லை. ஏய்ப்பவரைப் பிடியுங்கள். பெரிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் சரியான ஏற்பாடுதான், அவர்களிடம் கணக்குப் பிரிவே இருக்கிறது. விதியே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. உணவு கையாளுபவருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை டைஃபாய்டு ஊசி கட்டாயம் என்றால் அது இருக்கட்டும், அதில் ஓர் உயிர் இருக்கிறது.

ஜி.எஸ்.டி.யைத் திரும்பக் கேட்கிறீர்களா என்பவர்களுக்கு: இல்லை.

ஆனால் இன்னொரு கேள்வி வரும், அதுதான் வலிக்கிறது. "அரசாங்கம் செலவைக் குறைத்தால் முதலில் வெட்டு விழுவது தமிழ்ப்பள்ளிக்கும் மித்ராவுக்கும்தான், வாயை மூடிக்கொண்டிருங்கள்." இதைச் சொல்பவர்கள் எதிரிகள் இல்லை, நம் ஆட்களே. இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ராவுக்குப் பல ஆண்டுகள் வந்தது 10 கோடி ரிங்கிட். 41,920 கோடிக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள், பத்தாயிரம் ரிங்கிட்டில் இரண்டு ரிங்கிட் நாற்பது சென் அளவு. ஒவ்வொரு பட்ஜெட் நாளும் நம் குழுக்களில் அந்த 10 கோடியைப் பற்றித்தான் இரவெல்லாம் பேச்சு. மீதி 41,910 கோடி நம் பணமில்லையா? அண்டாச் சோறு எங்கே போகிறது என்று கேட்டால் இலையில் விழுகிற ஒரு கரண்டியும் நின்றுவிடும் என்ற பயத்தை யார் நமக்குள் போட்டது? வரி கட்டும்போது நாம் குடிமக்கள், கணக்குக் கேட்கும்போது மட்டும் கை நீட்டுபவர்களா? அந்தப் பாத்திரக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை மானியம் கேட்கவில்லை. நேரம் கேட்டார். அதற்கும் மேடையில் சிரித்தார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதிய விதி எதுவானாலும், ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு கடைக்கு அது மாதம் எத்தனை மணி நேரம், எத்தனை ரிங்கிட் பிடிக்கும் என்று எழுதி மக்களவையில் வையுங்கள். அமலுக்கு வரும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே வரம்பைப் பூட்டிவிடுங்கள், பிறகு தொடாதீர்கள். கூடுதல் ஒதுக்கீட்டு மசோதா வரும்போது, அந்தத் தொகைக்கு எந்தச் செலவைக் குறைத்தீர்கள் என்று கேட்காமல் கை தூக்காதீர்கள். அரசுச் சேவைகளில் வீண் சுமையைக் குறைக்கவென்றே 2025-இல் ஒரு சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதன்படி உங்கள் தொகுதிக் கடைகளுக்கு எந்த ஃபாரம் குறைந்தது, பெயர் சொல்லுங்கள்.

அப்புறம், ஒய்.பி. அவர்களே, ஒருநாள் லிட்டில் இந்தியாவுக்கு வாருங்கள். பகல் இரண்டு மணிக்கு மேல் கடைகளில் கூட்டம் குறைவாக இருக்கும். உதவியாளரை வெளியே நிறுத்திவிட்டு, அந்தக் கல்லாவில் உட்கார்ந்து நீங்களே ஒரு இன்வாய்ஸ் போடுங்கள். வாங்குபவரின் வரி எண்ணையும் நீங்களே போன் போட்டுக் கேளுங்கள்.