கம்பளிக்குள் தெர்மாமீட்டர்

(குன்னூரில் ஒரு தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்பு வாசலில், பள்ளி விட்ட நேரம்.)

தாத்தா: டீச்சர், என் பேரனுக்கு நீங்கள் வெப்பநிலை பாடம் எடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வாய் காபி குடிக்க முடியவில்லை. முந்தாநாள் என் கம்பளியைச் சுருட்டி, நீங்கள் கொடுத்தனுப்பிய தெர்மாமீட்டரை அதற்குள் செருகிவிட்டு, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே காவல் இருந்தான்.

ஆசிரியை: மிகவும் நல்லது ஐயா. எவ்வளவு காட்டியதாம்?

தாத்தா: அறையில் 17 டிகிரி, கம்பளிக்குள்ளும் அதே 17. உடனே, "தாத்தாவின் கம்பளியில் சூடே இல்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான்.

ஆசிரியை: கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை, உங்கள் உடம்புச் சூடு வெளியே போய்விடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சூடு கம்பளிக்குள்ளேயே இருப்பதாக நினைக்கும் பிள்ளைகளிடம் அதை வாயால் சொல்லிப் பயனில்லை; அவர்களே அளந்து பார்த்தால்தான் நம்புவார்கள். அதனால்தான், அடுத்ததாக அதே கம்பளியில் ஐஸ் கட்டியைச் சுற்றி வைத்து, வெளியில் வைத்த கட்டியைவிட அது மெதுவாக உருகுகிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

தாத்தா: ஓ, நேற்றிரவு படுத்தவுடன் என் முதுகு நனைந்ததற்குக் காரணம் நீங்கள்தானா! சரி, அது போகட்டும். நூறு டிகிரி என்றால் காய்ச்சல் என்றுதான் எங்கள் தலைமுறைக்குத் தெரியும்; அவனோ நூறு டிகிரியில் தண்ணீர் கொதிக்கும் என்கிறான். எனக்கு நூறு வந்தபோது நான் என்ன, ஆவியாகவா போனேன்?

ஆசிரியை: நீங்கள் சொல்வது ஃபாரன்ஹீட், அவன் சொல்வது செல்சியஸ். உங்கள் நூறு அவன் கணக்கில் ஏறத்தாழ 38. இதில் ஒரு வேடிக்கை, 1742இல் செல்சியஸ் இந்த அளவை வகுத்தபோது தண்ணீர் கொதிப்பதற்குப் பூஜ்ஜியம், உறைவதற்கு நூறு என்று தலைகீழாகத்தான் வைத்திருந்தார். பிறகுதான் அதைத் திருப்பிவிட்டார்கள்.

தாத்தா: அப்பாடா, அவர் இருந்திருந்தால் எனக்குத் துணையாயிருந்திருப்பார். இருந்தாலும், தொட்டுப் பார்த்தால் தெரியாத சூடா டீச்சர்? என் மனைவி நெற்றியில் கை வைத்தே காய்ச்சலைச் சொல்லிவிடுவாள்.

ஆசிரியை: அதற்காகத்தான் வகுப்பில் மூன்று பாத்திரம் வைத்தேன். ஒரு கையை ஐஸ் தண்ணீரிலும் மறு கையைப் பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் நடுப் பாத்திரத்தின் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால், அதே தண்ணீர் ஒரு கைக்குச் சுடும், இன்னொரு கைக்குக் குளிரும். வகுப்பே கூச்சல் போட்டது. உங்கள் பேரன் மட்டும் குளிர்ந்த கையையே பார்த்தபடி ஏதோ யோசித்துக்கொண்டிருந்தான்.

தாத்தா: யோசித்தானா? அடப்பாவி! பாட்டி அரிசி களைந்துவிட்டு ஈரக் கையோடு வரும் நேரம் பார்த்து, "நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்" என்று இவன் போய் நிற்பது இதற்குத்தானா?

ஆசிரியை: இரண்டு திங்கட்கிழமையும் காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் வந்ததே!

தாத்தா: கையெழுத்துப் போட்டவன் நான்தான். எதற்கும் தெர்மாமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றேன்; "பாட்டியின் கைமேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா தாத்தா?" என்று அவள் காதில் விழும்படி கேட்டான். அதற்குப் பிறகும் நான் தெர்மாமீட்டரைத் தேடுவேனா?