அந்தக் காலக் கிராமத்தில் இரண்டு பெண்கள் தம்பதியாக வாழ்ந்ததே இல்லையா?

"ஒரே பாலினத்தவர் சேர்ந்து வாழ்வது இந்தக் கால நகரத்துப் பழக்கம். அந்தக் காலக் கிராமங்களில் அப்படி யாரும் நிம்மதியாக வாழ்ந்ததே இல்லை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் வேபிரிட்ஜ் என்ற சிறிய கிராமம் இருக்கிறது. அங்கே சாரிட்டி பிரையன்ட், சில்வியா டிரேக் என்ற இரு பெண்கள் 1807 முதல் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1851இல் சாரிட்டி இறக்கும்வரை, அதாவது 44 ஆண்டுகள். தையல்தான் தொழில். ஊர்க்காரர்களுக்குத் துணி தைத்துக் கொடுத்தார்கள், தேவாலயப் பணிகளில் முன்னால் நின்றார்கள், உறவினர் பிள்ளைகளுக்கு அத்தைகளாக இருந்தார்கள். சாரிட்டியின் அண்ணன் மகன், கவிஞர் வில்லியம் கல்லன் பிரையன்ட், அவர்களுடைய உறவு திருமணப் பந்தத்துக்குக் குறையாத புனிதம் கொண்டது என்று அவர்கள் உயிரோடு இருந்தபோதே அச்சில் எழுதினார். படிக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

சரி, எல்லாமே சுகமா? இல்லை. இருவருமே ஆழ்ந்த பக்தி உள்ளவர்கள். இது பாவமோ என்ற வேதனை அவர்களுக்கு இருந்தது. எல்லா ஊரும் இப்படி ஏற்றுக்கொண்டது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் "யாருமே இல்லை" என்பது பொய்.

சரிபார்க்க விரும்பினால், அவர்களுடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் வெர்மாண்டின் மிடில்பரி ஊரிலுள்ள ஹென்றி ஷெல்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வேபிரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் இருவர் பெயரும் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த இருவரின் கதையைச் சொல்லுங்கள்.