எரேமியா 29:11க்கு முந்தின வசனம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் ஒரு பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுப்பது இலங்கை மலையகத்தில் பல சபைகளில் வழக்கம். எடுத்ததை பைபிளுக்குள் வைத்துக்கொண்டால், அந்த வருஷம் முழுக்க அதுதான் நம்முடைய வசனம். கையில் அடிக்கடி மாட்டுவது எரேமியா 29:11. உங்கள் பேரில் எனக்கு இருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று ஆண்டவர் சொல்லும் வசனம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் தொங்கும் காலண்டரிலும் அதுதான், கல்யாணக் கார்டிலும் அதுதான்.

பத்தாம் வசனத்தை மட்டும் யாரும் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று அதில் இருக்கிறது.

கி.மு. 597ல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன சனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. முப்பது வயதில் அதைக் கேட்டவன் ஊர் திரும்ப வாய்ப்பே இல்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்றுதான் கடிதம் தொடங்குகிறது. அதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசித்துப் பாருங்கள். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறார். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தை எல்லோரும் பார்க்க எடுத்து உடைக்கிறார். அன்றைக்குக் கூட்டத்தில் ‘ஆமென்’ யாருக்கு விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அனனியா சொன்னது பொய் என்றுதான் வேதம் சொல்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் படித்தாள். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள். அந்தக் காசிலும் டியூசனுக்கு எடுத்து வைத்துத்தான் படிக்க வைத்தார். ‘இந்தப் பிள்ளை டொக்டர் ஆவாள் என்று கர்த்தர் சொல்கிறார்’ என்று சபையில் தலையில் கைவைத்துச் சொன்னார்கள். பெறுபேறு வந்தது. மருத்துவ பீடத்துக்கான மாவட்ட வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்டாள்.

தலையில் கைவைத்தவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். சொன்னது ஏன் நடக்கவில்லை என்று அவர்கள் தங்களையே கேட்டுக்கொண்டிருந்தால் நியாயம். ஆனால் கேள்வி அம்மாவிடம் போனது. உபவாசத்தை இடையில் விட்டீங்களா அக்கா? வீட்டில் ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கா? அந்த அம்மா பதில் சொல்லாமல் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார். எனக்குத்தான் கோபம் தாங்கவில்லை.

அதே நாள் சாயந்தரம் லயத்தில் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருட்டும்வரை கூட இருந்துவிட்டுப் போனார். அவர் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் அப்படித்தான் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து அவரிடம் குற்றம் தேடிய பிறகுதான் கெட்டுப்போனார்கள்.

விசுவாசம் என்றால் ஏமாற்றத்தை ஏமாற்றம் என்று சொல்லாமல் இருப்பது என்று யார் நமக்குக் கற்றுக்கொடுத்தது? சங்கீதங்களில் ஒரு பெரிய பங்கு புலம்பல்தான். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று 13ஆம் சங்கீதம் நேராகவே கேட்கிறது. அது கடைசியில் பாட்டாக முடிகிறது, சரி. 88ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடிவதில்லை. கடைசி வரியிலும் இருட்டுதான். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே! சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் இயேசு இந்தத் துன்பத்தின் பாத்திரம் நீங்கட்டும் என்று ஜெபித்தார், நீங்கவில்லை. அவரிடம் போய் உபவாசம் குறைவா என்று கேட்போமா?

எழுபது வருஷம் என்றால் என்ன என்று நம்முடைய தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். 1948ல் மலையகத் தமிழரிடமிருந்து பறித்த பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டத்தில் பெரும்பாலும் தீர 2003 ஆனது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்தில் அண்ணன் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏற, தங்கச்சி இங்கேயே நின்ற குடும்பங்கள் எத்தனை! நாடு இல்லாமலே செத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போனவர்கள் உண்டு. கேட்டது கிடைத்ததால் போனார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த மனிதர்களின் நம்பிக்கையைப் பற்றிப் பிரசங்கம் கேட்க எனக்கு ஆசை. கனடாவில் வீடு வாங்கினவரின் சாட்சி போதும் போதும் என்றாகிவிட்டது.

பிள்ளை இப்போது ஆசிரியர் பயிற்சிக்கு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாமா, இன்னொரு தடவை பரீட்சை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். கல்லூரி கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்கு மைக்கைப் பிடித்து ‘பார்த்தீங்களா, ஆண்டவர் இதைவிட மேலானதை வைத்திருந்தார்’ என்று யாரும் சாட்சி சொல்ல வராதீர்கள். அவள் கேட்டது டொக்டர் படிப்பு. அது கிடைக்கவில்லை. அப்படியே இருக்கட்டும், விடுங்கள்.