ஒரே பெயரில் எத்தனை அதிபர்களய்யா!

அமெரிக்க வரலாற்றுத் தேர்வுக்குப் படிப்பவனின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே அந்நாட்டார் தம் அதிபர்களைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் போலும். ஜான் ஆடம்ஸ் ஆண்டார், சரி. அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸும் ஆண்டே தீர வேண்டுமா? ஹாரிசன் தாத்தா 1841-இல் பதவியேற்ற ஒரே மாதத்தில் கண்ணை மூட, பேரன் ஹாரிசன் 1889-இல் வந்து உட்கார்ந்துகொண்டார். லிங்கன் 1865-இல் சுட்டுக் கொல்லப்பட்டதும் துணை அதிபர் ஜான்சன் அதிபரானார். கென்னடி 1963-இல் சுட்டுக் கொல்லப்பட்டதும் துணை அதிபர் ஜான்சன் அதிபரானார். நள்ளிரவில் இதைப் படிப்பவன், படித்த பக்கத்தையே மறுபடியும் படிக்கிறோமோ என்று மிரளாமல் என்ன செய்வான்? போதாக்குறைக்கு கிளீவ்லாந்து என்ற ஒரே மனிதர் 22-ஆம் அதிபராம், 24-ஆம் அதிபருமாம்!

உலக வரலாறு மட்டும் யோக்கியமா? பிரான்சில் பதினாறாம் லூயியின் தலை 1793-இல் போனது. பின்னர் அரியணை ஏறியவரோ பதினெட்டாம் லூயி. நடுவில் ஒரு நாள்கூட ஆளாத சிறுவனுக்கும் ஓர் எண்ணை ஒதுக்கிவிட்டு, நம்மை எண்ண வைக்கிறார்கள்.

இவையெல்லாம்கூடப் போகட்டும். பிரிட்டனும் அமெரிக்காவும் 1814 டிசம்பர் 24 அன்று கெண்ட் நகரில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டு, 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் மும்முரமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குக் காரணங்களை விளக்கி நான் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம்!