கீப்பர் முன்னால் வந்து நின்றால் அது கோல் இல்லையா?

கால்பந்தில் ஒருத்தன் ஐம்பது கெஜம் தள்ளி நின்று பந்தை அடிக்கிறான். அது வளைந்து போய் வலைக்குள் விழுகிறது. பார்க்கிறவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, எழுந்து நின்று கத்தலாம் என்று வாயைத் திறக்கிறோம், சரியாக அந்த நொடியில் கூட்டத்தில் இருக்கிற ஒரு அறிவாளி, சோபாவில் சாய்ந்தபடியே, சொல்வான்: "கீப்பர் எங்க நிக்கிறான் பாரு. நீயும் நானும் அடிச்சிருந்தாலும் உள்ள போயிருக்கும்." நீயும் நானுமா? கீழே விழுந்த டிவி ரிமோட்டைக் குனிந்து எடுத்தாலே உனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், நீ அடிப்பாயா அதை?

ஏதோ ஒரு கோலுக்கு மட்டும் இப்படிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். தூரத்திலிருந்து விழுகிற ஒவ்வொரு கோலுக்கும் இதே பேச்சு, இதே ஆட்கள். அடித்தவனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கீப்பர் தூங்கிவிட்டான், காற்று தள்ளிவிட்டது, ஓரத்திலிருந்து கோல் முன்னால் நிற்கிற தன் ஆளுக்குக் கிராஸ் போடப் பார்த்தது தப்பிப்போய் உள்ளே விழுந்தது, காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தது. அப்புறம் ஐந்து நிமிடத்துக்குள் எப்படியும் மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு அந்த மைதானத்தில் அவர்கள் இரண்டு பேருமே இல்லை என்பதெல்லாம் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை.

செக் குடியரசின் பாட்ரிக் ஷிக் அடித்ததையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எங்கள் வாட்ஸப் குழுவில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2021 ஜூன் 14, கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க், கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போன யூரோ 2020, ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டி. ஸ்காட்லாந்தும் செக் குடியரசும், ஸ்காட்லாந்துக்குக் கீப்பர் மார்ஷல். நமக்கு மாலை ஆறரை மணி ஆட்டம், இங்கே ஊரடங்கு வேறு, எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததால் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்ள வசதியாகப் போய்விட்டது. முதல் பாதி முடியப்போகிற நேரத்தில் ஷிக் தலையால் முட்டி ஒரு கோல் போட்டிருந்தார். 52ஆவது நிமிடத்தில் இது. 45.4 மீட்டர். யூரோவில் 1980 முதல் வைத்திருக்கிற கணக்கில் இவ்வளவு தூரத்திலிருந்து யாரும் கோல் அடித்ததில்லை. போட்டியின் சிறந்த கோல் என்றும் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் ஆள் சொல்வது என்ன? "மார்ஷல் கோல் போஸ்ட்டை விட்டுட்டு எங்கயோ மேஞ்சிட்டிருந்தான், அதான்."

எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற அந்தத் துண்டு வீடியோ ஷிக் காலை ஓங்கும்போதுதான் ஆரம்பிக்கிறது, அதுதான் வினை. அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். ஸ்காட்லாந்து ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது, சொந்த ஊர், 1998க்குப் பிறகு அவர்களுடைய ஆண்கள் அணி ஆடுகிற முதல் பெரிய போட்டி, மொத்த அணியும் ஏறி வந்து தாக்குகிறது. இரண்டாம் பாதி ஆரம்பித்த கையோடு ஜாக் ஹென்ட்ரி அடித்தது கிராஸ்பாரில் பட்டுப் போயிருந்தது. அந்த ருசியில் அவர் மறுபடி தூரத்திலிருந்து அடிக்கிறார், அது செக் வீரர் மேல் பட்டு எகிறி நடுமைதானத்தைத் தாண்டி வருகிறது. ஷிக் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். ஓடுகிற ஓட்டத்திலேயே தலையைத் தூக்கி ஒரே ஒரு பார்வை. பந்தை நிறுத்தவில்லை, தட்டிச் சரிசெய்துகொள்ளவில்லை, வந்த வேகத்தில் இடது காலால் ஒரே அடி. மார்ஷல் திரும்பி உயிரைக் கொடுத்து ஓடுகிறார், கடைசியில் பந்தோடு சேர்ந்து அவரும் வலைக்குள் சிக்கிக்கொண்டு கிடக்கிறார். அந்தக் கீப்பர் முன்னால் வந்து நிற்கிற பழக்கத்தை முதல் பாதியிலேயே கவனித்து வைத்திருந்ததாக ஆட்டம் முடிந்ததும் ஷிக் சொன்னார். அதாவது இந்தக் கோலின் பாதி வேலை அவர் காலால் பந்தைத் தொடுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. இதையா அதிர்ஷ்டம் என்கிறாய்?

சரி, மார்ஷலையும் பார்ப்போம். அணி மொத்தமும் எதிரணியின் பாதிக்குள் இருக்கும்போது கீப்பர் ஆறு கெஜப் பெட்டிக்குள்ளேயே நின்றால், தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் கிடக்கிற அவ்வளவு பெரிய வெற்றிடத்தை யார் பார்த்துக்கொள்வது? 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனி கீப்பர் மானுவெல் நாய்யர் பெட்டியை விட்டு ஓடிவந்து ஓடிவந்து பந்தைத் துரத்தியபோது இதே குழு ஆட்கள்தான் "என்னா கீப்பர்யா" என்று புல்லரித்துப்போனார்கள். அதே வேலையை மார்ஷல் செய்தால் மேய்ந்துகொண்டிருந்தானாம். ஒரு ஐந்தாறு மீட்டர் அதிகமாக ஏறி வந்துவிட்டார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2020 நவம்பரில் செர்பியாவோடு நடந்த பெனால்ட்டி ஷூட்அவுட்டில் மித்ரோவிச் அடித்ததைத் தடுத்து ஸ்காட்லாந்தை அந்தப் போட்டிக்குள் கொண்டுவந்ததே அந்த மனுஷன்தான். அதையெல்லாம் ஒரே சாயங்காலத்தில் மறந்துவிட்டார்கள்.

இந்த அநியாயத்துக்கு மொத்தமாகக் குத்தகை எடுத்தவர் என்றால் ஆர்சனலுக்கும் இங்கிலாந்துக்கும் கீப்பராக இருந்த டேவிட் சீமன்தான். தூரத்துக் கோல் என்று யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் அந்தக் குதிரைவால் முடியைத்தான் காட்டுவார்கள். 1991 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, வெம்ப்ளியில் டோட்டன்ஹாமுக்காக பால் கேஸ்கோயின் முப்பது கெஜத்துக்கு மேல் இருந்து ஒரு ஃப்ரீ கிக்கை வெடித்தார். சீமன் கைவைத்தும் நிற்கவில்லை. 1995 மே 10, பாரிஸ், கப் வின்னர்ஸ் கோப்பை இறுதி, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம், 1-1. எல்லோரும் பெனால்ட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது ரியல் சரகோசாவின் நயீம் வலது ஓரக் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கி அடித்தார், அது வானத்துக்குப் போய்விட்டு சீமன் தலைக்குப் பின்னால் இறங்கியது. கோப்பை போயிற்று. அப்புறம் 2002 ஜூன் 21, ஷிசுவோகா, உலகக் கோப்பை காலிறுதி, இங்கிலாந்துக்கு எதிராக பிரேசிலின் ரொனால்டினியோ.

இந்த மூன்றில் எதை "குருட்டு லக்கு" என்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேஸ்கோயின் அடித்ததை ஒருத்தனும் சொல்ல மாட்டான். ஏன்? பந்து நேராகவும் வேகமாகவும் போயிற்று, அடிக்கிற சத்தம் கேட்டது, அதனால் அது திறமை. மற்ற இரண்டும் மெதுவாகப் போய் வளைந்து இறங்கின, அதனால் அதிர்ஷ்டம். பலமாக உதைத்தால் மட்டும்தான் வேண்டுமென்றே அடித்ததாக நம்புவார்கள் போலிருக்கிறது. சொல்லப்போனால் கீப்பர் கைவைத்தும் உள்ளே போன அந்த ஒன்றுக்குத்தான் கீப்பரை ஒரு வார்த்தை கேட்கலாம், அதற்கு மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை!

நயீம் யார்? சரகோசாவுக்குப் போவதற்கு முன்னால் ஐந்து வருடம் டோட்டன்ஹாமில் ஆடியவர். ஆர்சனல் கீப்பர் எங்கே நிற்பான், எப்படி நிற்பான் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? 120ஆவது நிமிடத்தில், காலில் உயிரே இல்லாத நேரத்தில், ஓரத்தில் நின்றுகொண்டு அங்கே கிராஸ் போட அவருக்கு என்ன தேவை?

ரொனால்டினியோ விஷயம் கொஞ்சம் சிக்கல், மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணி நமக்கு, பாதிப் பேர் ஆபீசில் வேலை பார்க்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்த நேரம். இங்கிலாந்துக்கு ஓவன் ஒன்று, பிரேசிலுக்கு ரிவால்டோ ஒன்று, 1-1. நாற்பது கெஜத்தில் ஃப்ரீ கிக், பெட்டிக்குள் கூட்டமாக நிற்கிறார்கள், உலகமே கிராஸ் வரும் என்று பார்க்கிறது, சீமனும் அதற்காகத்தான் இரண்டு எட்டு முன்னால் வந்தார். பந்து அவர் தலைக்கு மேலே போய் மூலையில் இறங்கிவிட்டது. கோலைப் பார்த்துத்தான் அடித்தேன், ஆனால் சரியாக அந்த இடத்தைக் குறிவைக்கவில்லை என்கிற மாதிரி பின்னாளில் ரொனால்டினியோவே சொல்லியிருக்கிறார். உடனே பிடித்துக்கொள்வான் நம் ஆள். "பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான்!" என்ன ஒத்துக்கொண்டான்? கோலுக்கு அடித்தேன் என்றுதானே சொல்கிறான்! ஒரு மூலையைக் குறிவைத்து இன்னொரு மூலையில் விழுந்தால் அது கிராஸ் ஆகிவிடுமா? பன்னிரண்டு கெஜத்தில் பெனால்ட்டி அடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு நினைத்த இடத்தில் சரியாகப் போகிறது, அதையெல்லாம் லக்கு என்று எழுதி வைத்திருக்கிறாயா? சீமன் அன்றைக்கு அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டார், 38 வயது. அதை வைத்து இன்னும் கிண்டல் செய்கிறவர்களை என்ன சொல்வது.

உண்மையிலேயே குருட்டு லக்கு என்றால் என்னவென்று காட்டுகிறேன், பாருங்கள். 2013 நவம்பர் 2, ஸ்டோக் கீப்பர் அஸ்மிர் பெகோவிச், சவுத்தாம்ப்டனுக்கு எதிராக, ஆட்டம் ஆரம்பித்து 13 நொடி. தன் பெட்டிக்குள்ளிருந்து சும்மா முன்னால் தூக்கி அடிக்கிறார், காற்று இழுத்துக்கொண்டு போகிறது, பந்து அந்தப் பக்கம் குத்தி எகிறி எதிரணிக் கீப்பர் போருக்கின் தலைக்கு மேலே போய் உள்ளே விழுகிறது. 91.9 மீட்டர், கின்னஸில் ஏறிற்று. அடித்த பெகோவிச் கொண்டாடக்கூட இல்லை, எதிரே நின்றவரும் தன்னைப்போல ஒரு கீப்பர்தானே என்று. லக்கு என்று அடித்தவனுக்கே தெரிந்தது, கொண்டாட்டமும் இல்லை. ஷிக்கையும் நயீமையும் இதோடு சேர்த்து ஒரே மூட்டையில் கட்டினால் எனக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

அப்புறம் ஒருத்தன் இருக்கிறான், ஒவ்வொரு குழுவிலும் இருப்பான், எக்ஸ்ஜி பார்ட்டி, அதாவது ஒரு ஷாட் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று எண்ணில் சொல்கிறவன். கோல் விழுந்து ரீப்ளே வருவதற்குள் எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். "இந்த ஷாட்டுக்கு எக்ஸ்ஜி பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் சொச்சம்தான், நூறு தடவை அடிச்சா ஒண்ணு போகாது." தம்பி, அது என்ன கணக்கு தெரியுமா? அந்த மாதிரி இடத்திலிருந்து இதற்கு முன்னால் அடித்த ஷாட்களில் எவ்வளவு கோல் ஆயிற்று என்கிற சராசரி. சாதாரணக் கணக்குகளுக்குக் கீப்பர் எங்கே நின்றான் என்பதே தெரியாது. புதிதாக வந்திருக்கிற சில கணக்குகளில்தான் கீப்பர், தடுப்பாட்டக்காரர் நிற்கிற இடத்தையெல்லாம் சேர்க்கிறார்கள். காலியாகக் கிடக்கிற கோலும், கீப்பர் கட்டிக்காக்கிற கோலும் ஒரே எண் என்று சொல்கிற கணக்கைக் கொண்டுவந்து ஷிக்கின் தலையில் கட்டாதே. இன்னொரு வேடிக்கை பாருங்கள்: ஒருத்தன் "கோல் காலியா இருந்தது, யார் அடிச்சாலும் போயிருக்கும்" என்கிறான், இவன் "நூத்துல ஒண்ணு போகாது" என்கிறான், இரண்டு பேரும் ஒரே கட்சி, ஒருத்தனுக்கொருத்தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொள்கிறார்கள்.

அடிக்காதே அடிக்காதே என்று கத்துகிற கூட்டமும் இதே கூட்டம்தான். 2019 மே 6, மான்செஸ்டர் சிட்டிக்கும் லெஸ்டருக்கும் 0-0, 70ஆவது நிமிடம், பிரீமியர் லீக் பட்டமே தொங்கிக்கொண்டிருக்கிறது. சிட்டியின் வின்சென்ட் கொம்பனி, தடுப்பாட்டக்காரர், பந்தோடு ஏறி வருகிறார். அவர் அணியிலேயே அகுவேரோ வேண்டாம், அடிக்காதே என்று நினைத்தார். அடித்தார், மேல் மூலைக்குள் போயிற்று, சிட்டி 98, லிவர்பூல் 97, ஒரே ஒரு புள்ளியில் கோப்பை. அது வெளியே போயிருந்தால் அவரை என்ன பேசியிருப்பார்கள் என்று ஹென்ட்ரியைக் கேளுங்கள். அவரும் தடுப்பாட்டக்காரர்தான், அவரும் தூரத்திலிருந்துதான் அடித்தார், அது தடுக்கப்பட்டுப் போய் ஷிக் காலில் விழுந்ததால் "எதுக்குடா அங்கிருந்து அடிச்ச" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இன்னொரு தொல்லை தூரம். முதல் நாள் 45 மீட்டராக இருந்த கோல் ஒரு வருடத்தில் ஐம்பது ஆகும், அப்புறம் "சொந்தப் பாதியிலிருந்து அடித்தான்" ஆகும். ஷிக் நடுக்கோட்டைத் தாண்டி ஸ்காட்லாந்தின் பாதிக்குள் வந்துதான் அடித்தார். சொந்தப் பாதியிலிருந்து அடித்தது 1996இல் விம்பிள்டனுக்கு எதிராக பெக்கம், 2006இல் நியூகாசிலுக்கு எதிராக சாபி அலோன்சோ, 2015இல் செல்சிக்கு எதிராக ஸ்டோக்கின் சார்லி ஆடம். தெரிந்து பேசினால் என்ன குறைந்துவிடும்? டோட்டன்ஹாம்காரர்கள் இன்றைக்கும் நயீம் பாதிக் கோட்டிலிருந்து அடித்ததாகத்தான் பாடுகிறார்கள், அவர்களை விட்டுவிடுகிறேன், ஆர்சனல்காரனை வெறுப்பேற்றுவதற்குப் பாடுகிறவனிடம் அளவுநாடாவை நீட்ட முடியாது. நம் ஆட்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

அதனால் சொல்லிவிடுகிறேன். அடுத்த பெரிய போட்டி ஆரம்பிக்கிற அன்றைக்கே குழுவை மியூட்டில் போடப்போகிறேன். ஆட்டம் நடக்கும்போது யாரும் போன் செய்யாதீர்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் வாயில் எதையாவது போட்டு மென்றுகொண்டே பாருங்கள், கோல் விழுந்தால் ரீப்ளே மூன்று தடவை ஓடி முடிகிற வரைக்கும் கீப்பர் என்கிற சொல்லையே யாரும் எடுக்கக் கூடாது. எக்ஸ்ஜி பார்ட்டி மட்டும் அவன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.