செத்த தசையைப் பார்த்து வரையாதீர்கள்

தசைகளைப் படிக்க, சடலத்திலிருந்து நேரடியாக வார்த்த தோலுரித்த உருவமே நம்பகமானது, சிற்பி கையால் செய்ததில் கற்பனை கலந்துவிடும் என்று ஓவியம் கற்பவர்கள் பலர் நம்புகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

லண்டனின் கலைக்கழகமான ராயல் அகாடமியில் இருக்கும் 'ஸ்மக்லேரியஸ்' வார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1776இல் அங்கே உடற்கூறு பேராசிரியராக இருந்த வில்லியம் ஹன்டரிடம், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் கட்டுடல் வந்து சேர்ந்தது. அதை உரோமில் உள்ள 'இறக்கும் கால் (Gaul) இன வீரன்' சிலையைப் போலச் சாய்த்துவைத்து, விறைத்ததும் தோலை உரித்தார்கள். சிற்பி அகஸ்தினோ கார்லினி அச்செடுத்தார். கடத்தல்காரன் (ஆங்கிலத்தில் 'ஸ்மக்லர்') என்று பேச்சு இருந்ததால் லத்தீன் வாடையோடு அந்தப் பெயர். (அவனுக்கு மிஞ்சியது அந்தக் கேலி மட்டும்தான்.) இன்று இருப்பது 1854இல் எடுத்த பிரதி.

அந்தச் சிலை வீரன் ஒரு கையை ஊன்றி உடலைத் தாங்குகிறான், தோள் உழைக்கிறது. சடலத்தின் தோளில் உழைப்பு ஏது? எந்தத் தசை இழுக்கிறது, எது தளர்கிறது என்பதுதானே நமக்கு வேண்டியது!

1801இல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். இயேசு சிலுவையில் தொங்குவதை ஓவியர்கள் தவறாக வரைகிறார்களோ என்று அதே அகாடமியின் ஓவியர்கள் பெஞ்சமின் வெஸ்ட், ரிச்சர்ட் காஸ்வே, சிற்பி தாமஸ் பேங்க்ஸ் மூவருக்கும் ஐயம். தூக்கிலிடப்பட்ட ஜேம்ஸ் லெக்கின் உடலைச் சிலுவையில் அறைந்து, உரித்து, வார்த்தார்கள். உயிருள்ளவன் திமிறுவான், பிணம் தொங்கும். அவர்களுக்குக் கிடைத்தது பிணம் தொங்கும் விதம்.

பிரெஞ்சுச் சிற்பி ஊதோன் 1767இல் செய்த தோலுரித்த உருவம் வேறு வகை. உரோமில் மாணவராக இருந்தபோது, யோவான் ஸ்நானகன் சிலைக்கு முன்தயாரிப்பாகச் செய்தார். அறுவைக்கூடத்தில் சடலங்களையும் பார்த்தவர்தான். ஆனால் அவருடைய மனிதன் ஒரு காலில் எடையை இறக்கி, வலக்கையை நீட்டி நிற்கிறான். எடை தாங்கும் பக்கத்துப் புட்டம் இறுகியிருக்கிறது, மறுபக்கம் தளர்ந்திருக்கிறது. அதன் பிளாஸ்டர் பிரதிகள் ஐரோப்பாவின் கலைப்பள்ளிகளுக்கெல்லாம் போனது சும்மா இல்லை.

அதையும் மனப்பாடம் செய்தால் பயன் குறைவு. முன்கையை ஒருமுறை வரைந்துவிட்டு, உங்கள் கையை நீட்டி, மறுகை விரலை முன்கையில் வைத்து, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புங்கள். கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன்மேல் குறுக்காகப் புரள்வது விரலுக்குத் தெரியும். கைப்பேசிச் செயலிகளில் தசையை அடுக்கடுக்காக உரித்துப் பார்ப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: அங்கே பல உருவங்களில் கை திரும்புகிறது, தசை அப்படியே கிடக்கிறது.