ஏற்காடு ஏரியில் 40 கிலோ பைக் மீனா?

"மார்கழிக் குளிரில் ஏற்காடு ஏரியில் 40 கிலோ பைக் மீன் சிக்கியது" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறான தகவல். பைக் ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா பக்கத்துக் குளிர்நீர் மீன். படத்தில் ஆள் நிற்பதே பனிக்கட்டி மேல். ஏற்காடு ஏரி எங்கே உறைகிறது? எடையும் நம்பும்படி இல்லை. தூண்டிலில் பிடித்த பைக்கின் உலக சாதனையே 25 கிலோதான், 1986-ல் ஜெர்மனியில்.

சரி, மீனைப் பாருங்கள். வாத்து அலகு போலத் தட்டையான வாய், பச்சை உடலில் வெளிர்ப் புள்ளிகள், முதுகுத் துடுப்பு வாலை ஒட்டி ஒதுங்கியிருக்கிறது. நம்ம விராலுக்கு அந்தத் துடுப்பு முதுகு நெடுக ஓடும். வாளைக்கோ நீண்ட மீசை உண்டு, செதில் கிடையாது. யாரோ கடுங்குளிரில் பனியில் துளை போட்டு, காத்திருந்து பிடித்த மீன் அது. தயவுசெய்து ஏற்காட்டின் பெயரில் பகிராதீர்கள்.